கிளிக்: கட்டளைவரியில் தமிழ் எவ்வளவு தூரம் போகிறது?

பைத்தானில் கட்டளைவரி நிரல் எழுத எந்த லைப்ரரியை எடுக்கலாம் என்று கேட்டால், நான் கைகாட்டுவது கிளிக். ஃபிளாஸ்க்கை உருவாக்கிய ஆஸ்திரியக்காரர் ஆர்மின் ரோனாக்கர் 2014-ல் வெளியிட்டது இது. உலகமெங்கும் பயன்படுகிறது, கையேடுகளும் ஏராளம். ஆனால் தமிழ் எழுத்தில் கட்டளையே கொடுத்தால் அது தாங்குமா என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதைத்தான் சேந்தமங்கலத்தில் சோதித்தேன்.

கொல்லிமலையிலிருந்து இறங்கும் மிளகு, காப்பியை வாங்கும் கடை ஒன்றின் அன்றாடக் கணக்குதான் சோதனைக் களம். யார் கொண்டுவந்தார், எந்த நாட்டிலிருந்து (மலையில் ஊராட்சிகளை வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்றுதான் சொல்வார்கள்), என்ன பொருள், எத்தனை கிலோ, என்ன விலை. இவ்வளவுதான் பதிவு. கடையில் இருப்பது பழைய கணினி. அதில் பெரிய மென்பொருள் திறந்து, கட்டம் கட்டமாக மவுஸை நகர்த்துவதைவிட ஒரே வரி தட்டுவது வேகம். 'கணக்கு சேர் --நாடு வளப்பூர் --பொருள் மிளகு --எடை 12.5' என்று அடித்து என்டர் தட்டினால் வேலை முடிந்தது.

இந்த வரி அப்படியே ஓடுகிறது. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்பதால் 'சேர்' என்றே ஃபங்ஷனுக்குப் பெயர் வைக்கலாம். மேலே ஓர் அலங்கார வரி (டெக்கரேட்டர்) சேர்த்தால் கிளிக் அதைக் கட்டளையாக்கிவிடும். '--எடை' என்பதும் சிக்கலில்லாமல் உள்ளே போகிறது. பொருளுக்குச் 'சாய்ஸ்' வகை கொடுத்தேன்; பட்டியலில் இல்லாத பொருளை அடித்தால் எவையெல்லாம் செல்லும் என்று கிளிக்கே சொல்லித் தடுக்கிறது. எடைக்கு 'ஃப்ளோட்ரேஞ்ச்' வைத்தால் பூஜ்யமும் கழித்தல் எண்ணும் உள்ளே வராது. பைத்தானோடு வரும் ஆர்க்பார்ஸில் இந்த எடை வரம்பை நாமே எழுதிச் சரிபார்க்க வேண்டும்.

மனம் குளிர்ந்த இடம் ஒன்று உண்டு. எடையைத் தமிழ் எண்ணில் ௧௨.௫ என்று கொடுத்தாலும் 12.5 என்றே எடுத்துக்கொள்கிறது. இதற்கு நாம் ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. ௦ முதல் ௯ வரையிலான குறிகளை யூனிகோடு இலக்கங்களாக வகைப்படுத்தியிருப்பதால் பைத்தானின் எண் மாற்றி அவற்றை இயல்பாகவே படிக்கிறது. பழைய முறையில் பத்துக்குரிய ௰ போட்டால் மட்டும் மறுக்கிறது. அது இலக்கமாக வகைப்படவில்லை.

சிக்கல் தொடங்குவது 'கொள்முதல்' என்ற கட்டளையில். 'கொ' என்பதைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே துண்டாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நிரலுக்கு இரண்டும் வேறு சொற்கள். ஒரு விசைப்பலகையில் எழுதிய கட்டளையை இன்னொன்றில் அடித்தால் 'அப்படியொரு கட்டளை இல்லை' என்று வந்து நிற்கும். கணக்கெழுதுகிறவர் திரையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. இதற்கான மருந்தும் கிளிக்கிலேயே இருக்கிறது. 'டோக்கன் நார்மலைஸ் ஃபங்க்' என்ற அமைப்பில், வரும் சொல்லை என்எஃப்சி என்ற, துண்டுகளை ஒன்றாக இணைக்கும் யூனிகோடு வடிவத்துக்கு மாற்றும் ஒரு சிறு ஃபங்ஷனைக் கொடுத்தால் போதும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மறைப்பதற்கே பலரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். தமிழுக்கு இது கட்டாயம்.

குறுக்கு விருப்பங்களிலும் கவனம் தேவை. '-எ' சரியாக வேலை செய்கிறது. '-மி' என்பது கணினிக்கு இரண்டு குறிகள். அதைக் கிளிக் நீள விருப்பமாகவே கருதும், மற்ற ஓரெழுத்து விருப்பங்களோடு ஒட்டி எழுத முடியாது.

உண்மையான குறை உதவிப் பக்கத்தில்தான். கிளிக் வரிசைகளை நேர்ப்படுத்துவது யூனிகோடு குறிகளின் எண்ணிக்கையை வைத்து. 'மிளகு' மூன்று எழுத்து, அதன் கணக்கில் ஐந்து. 'வளப்பூர்' ஐந்து எழுத்து, அதன் கணக்கில் எட்டு. விளைவு, கட்டளைகளுக்கு எதிரே உள்ள விளக்கங்கள் கோணல்மாணலாக நிற்கின்றன. ஓபன் தமிழ் லைப்ரரியின் 'கெட் லெட்டர்ஸ்' எழுத்துகளைச் சரியாகப் பிரித்து எண்ணித் தருகிறது, ஆனால் டெர்மினலுக்கு டெர்மினல் எழுத்தின் அகலமே மாறுவதால் அதுவும் முழுத் தீர்வாகாது. உதவிப் பக்கத்தை வடிவமைக்கும் பகுதியை மாற்றி எழுதி விளக்கத்தை அடுத்த வரிக்கு இறக்கினேன். கணக்குப் பட்டியலில் எண்களை முதலில் வைத்து, தமிழ்ப் பெயரைக் கடைசிக்குத் தள்ளினேன். இந்த இரண்டும் எந்தத் திரையிலும் பிசகுவதில்லை.

ஓபன் தமிழைத் தனியாகவும் பாராட்ட வேண்டும். முத்து அண்ணாமலை தொடங்கிய இந்தத் திட்டத்தில் அகரவரிசைப்படி சொற்களை ஒப்பிடும் வசதி இருக்கிறது. யூனிகோடு வரிசையில் 'ன' நகரத்துக்கு அடுத்தே உட்கார்ந்திருப்பதால், பைத்தானின் நேரடி வரிசைப்படுத்தலை நம்பினால் பெயர்ப்பட்டியல் நம் அகராதி முறைக்கு ஒத்துவராது. தொகையை எழுத்தால் தரும் வசதியும் உண்டு. ரசீதில் அது அப்படியே பயன்பட்டது.

பிழைச் செய்திகள் இன்னும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. 2021-ல் வந்த 8.0 பதிப்பிலிருந்து அவற்றை கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி வழியாக மொழிபெயர்க்க வழி திறந்திருக்கிறது, ஆனால் தமிழ்க் கோப்பு உடன் வருவதில்லை. எடை இடத்தில் 'பத்து' என்று அடித்துவிட்ட ஒருவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் நிரலைத் தமிழ் நிரல் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

டைப்பரையும் பார்த்தேன். செபாஸ்டியன் ராமிரெஸ் கிளிக்கின் மேல் கட்டிய அது எழுத இன்னும் சுருக்கம், உதவிப் பக்கமும் அழகு. ஆனால் அது தன்னோடு வேறு சில தொகுப்புகளையும் இழுத்து வரும். சிக்னல் நிலையாக இல்லாத இடத்துக்கு நிரலைக் கொண்டுபோகிறவர்களுக்கு இது பாரம். கிளிக்கின் நிறுவல் கோப்பு சுமார் 100 கேபி. லினக்ஸில் வேறெதையும் கேட்காது. பென் டிரைவில் போட்டு மலைக்கு எடுத்துப்போய் இணையமே இல்லாமல் நிறுவலாம். பழைய பைத்தான் உள்ளவர்கள் 8.1 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், 8.2 முதல் பைத்தான் 3.10 தேவை.

சின்னக் கடைக்கோ பள்ளிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ தமிழில் கட்டளை எழுத நினைப்பவர்கள் தயங்காமல் கிளிக்கை எடுக்கலாம். பிழைச் செய்திகளுக்குத் தமிழ்க் கோப்பை முதலில் எழுதி முடிப்பவர், அதைத் திறந்த உரிமத்தில் மற்றவர்களுக்கும் கொடுங்கள்.