நாலு பெட்டி ராட்டினம்

ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். வேப்பிலை உடுத்தி வலம்வரும் பக்தர்களைத் தாண்டி, கடைத்தெரு ஓரத்தில் நிற்கும் கைராட்டினத்தைத்தான் என் கண் தேடும். நாலே பெட்டிகள். மோட்டார் கிடையாது, ராட்டினக்காரர் கையால் தள்ளிச் சுற்றுவார். அச்சு கிறீச்சிடும், பெட்டி கோணலாக ஆடும், முழங்கால் இடிக்கும். சூடு பிடிப்பதற்குள் சுற்று முடிந்துவிடும்.

ஆனாலும், உச்சியிலிருந்து இறங்கும் அந்த நொடி! பலகை நம்மைத் தாங்கும் விசை குறைந்து, உடம்பு லேசாகி, அடிவயிறு கூசும். பெரிய பூங்காக்களின் ராட்சத ராட்டினங்கள் தருவதும் இதே கூச்சத்தைத்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வாரமெல்லாம் இயந்திரத்தோடு நிற்பவரும் இங்கே பிள்ளையோடு பிள்ளையாகக் கூவுவார்.

ஆடி போனால் ராட்டினமும் போய்விடும். கால் ஊன்றிய குழிகள் மட்டும் மிஞ்சும். அவற்றைப் பார்த்தாலே எனக்கு அடுத்த ஆடி நினைவு வந்துவிடும்.