சுட்டும் வினாவும்

செய்தித் தலைப்பும் உரைநடைதான். கவிதைக்கும் நாவலுக்கும் செலவழித்த சிரத்தையில் ஒரு துளியைக்கூட நம் விமர்சனம் அதற்குத் தந்ததில்லை. ஜனரஞ்சகம் என்று ஒதுக்கிவிட்டால் போதும் என்றிருந்துவிட்டோம். ஒதுக்கியது நாம்தான், அது நம்மை ஒதுக்கவில்லை. செல்ஃபோனைத் திறக்கும்போதெல்லாம் நம் கண்ணில் முதலில் படும் தமிழ் அதுவே.

இணையச் செய்திகளின் தலைப்புகளைச் சொல்கிறேன். 'இந்த நடிகர் செய்த காரியம்', 'அந்த ஒரு வார்த்தை', 'காரணம் இதுதானா?' - அச்சு இப்படித்தான். உபயோகிக்கப்படும் கருவிகள் இரண்டே: சுட்டு, வினா. சுட்டு என்பது நீட்டிய விரல். விரலின் முனையில் ஒரு பொருள் இருந்தாக வேண்டும். இங்கே விரல் மட்டும் இருக்கிறது. பொருளைப் பார்க்க உள்ளே போகவேண்டும்; அங்கும் நாலு விளம்பரங்களைத் தாண்டவேண்டும்.

இதற்குக் காரணம் ரசனைக் குறைவு மட்டுமல்ல. அச்சுப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் அதன் உள் தலைப்புகளை வாசித்தோம். எதைப் படிக்கவேண்டாம் என்று தெரிவித்ததே அவை நமக்குச் செய்த பெரிய உபகாரம். இணையத்தில் பக்கத்தைத் திறந்தால்தான் விளம்பரக் காசு. ஒவ்வொரு செய்தியும் தனித்தனியே விலைபோக வேண்டும். தலைப்பு தன் வேலையை முடித்துவிட்டால் முதலாளிக்கு நஷ்டம்.

கடை வாசலில் தொங்கும் போஸ்டரும், வாரப் பத்திரிகைத் தொடர்கதையும் இதையே செய்யவில்லையா என்று கேட்கலாம். போஸ்டர் கொஞ்சம் செய்தது வாஸ்தவம். தொடர்கதை விஷயம் வேறு. இனி நடக்கப்போவதைத்தான் அது நிறுத்திவைத்தது. நடந்து முடிந்ததை, எழுதுகிறவனுக்குத் தெரிந்ததை, நாலு வார்த்தையில் சொல்லக்கூடியதை இது ஒளித்துவைக்கிறது.

ஒரு உதாரணம். 2023 மே 19 அன்று, 2000 ரூபாய் நோட்டுகளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. நோட்டு சட்டப்படி தொடர்ந்து செல்லும் என்பதும், செப்டம்பர் 30 வரை வங்கிகளில் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதே அறிவிப்பில் இருந்தன. '2000 ரூபாய் நோட்டு இனி செல்லாதா?' என்று ஒரு தலைப்பு. அடுத்த வாரம் என் கவுண்டருக்கு வந்த வயதான அம்மாள் ஒருவர் சுருக்குப் பையிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்து வைத்து, "செல்லாதாமே தம்பி?" என்றார். பேரன் வாசித்துச் சொன்னானாம். கேள்விக்குறி வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தது. 2016 நவம்பர் 8 அவருக்கு மறக்கவில்லை. ஐந்து நோட்டுகள் இருந்தனவாம். தெருவில் ஒருவர் ஒன்றுக்கு 1500 ரூபாய் தருகிறேன் என்றதும் இரண்டைக் கொடுத்துவிட்டாராம். ஆயிரம் ரூபாய் போயிற்று.

நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது. விடை தெரிந்த ஆசிரியன் மாணவனைக் கேட்பது அறிவினா. கயிறோ பாம்போ என்பது ஐயவினா. பருப்பு உண்டா என்று கடைக்காரரிடம் கேட்பது கொளல் வினா. மேற்படி தலைப்பு எதில் சேரும்? எழுதியவரின் எதிரில் ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு இருக்கிறது, ஆகவே அறிவினா. ஆனால் போட்டிருப்பது ஐயவினாவின் வேஷம். நடப்பதோ கொளல். கொள்வது நம் நேரத்தை. அந்த அம்மாளிடம் பணத்தைக் கொண்டது வேறொருவர். கதவைத் திறந்துவிட்டது இந்த வினா.

2016 ஆகஸ்டில் ஃபேஸ்புக் இத்தகைய தலைப்புகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக அறிவித்தபோது இரண்டு குறைகளைச் சொன்னது: விஷயத்தை மறைத்தல், மிகைப்படுத்தல். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதல் இரண்டு இவற்றுக்கு வெகு கிட்டத்தில் நிற்கின்றன: குன்றக் கூறல், மிகைபடக் கூறல். உரைநடையின் குற்றத்தைப் பெயரிடும் வேலையை ஒரு விளம்பரக் கம்பெனி செய்யவேண்டி வந்தது நமக்குப் பெருமையல்ல.

'உங்கள் புதுக்கவிதையும் எதையும் சொல்லாமல்தானே விடுகிறது' என்றார் என்னுடன் வேலை பார்க்கும் நண்பர். தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. முழுக்க வாசித்தபின் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் பரீட்சை. கவிதையின் மௌனம் கடைசி வரிக்குப் பிறகும் தீராது. அதை வேறொரு வாக்கியத்தில் சொல்லி நிரப்ப முடியாது. தலைப்பின் மௌனம் பக்கம் திறந்ததும் காலியாகிவிடும். ஆனால் இந்தப் பரீட்சையை நம் பத்திரிகைகளில் வரும் கவிதைகளுக்கும் வைத்துப் பார்க்கவேண்டும். முதல் வரியில் வரும் 'அது', 'அவள்', 'அந்த இரவு' எத்தனை இடங்களில் வெறும் தூண்டில்! பொருள் பிடிபட்டதும் நாலு வார்த்தையில் தீர்ந்துபோகிறது.

வெற்று விரலைப் பார்த்து நாள் முழுக்க ஏமாறும் வாசகன், நாம் நிஜமாகவே ஒன்றைச் சுட்டும்போதும் திரும்பிப் பார்க்கமாட்டான். என் பயம் இதுதான்.

இக்கட்டுரைக்கு முதலில் 'தலைப்பும் இலக்கியமா?' என்று பெயர் வைத்திருந்தேன். விடை எனக்குத் தெரிந்திருந்தது. அடித்துவிட்டேன்.