பிளேட்டோவின் மூலவடிவக் கொள்கை

கிரேக்க மெய்யியலைச் சுருக்கிக் கூறுவோர், பிளேட்டோ கண்காணும் உலகைப் பொய்யெனத் தள்ளிக் கருத்துலகை மெய்யெனக் கொண்டார் என்றும், அவர் மாணவரான அரிஸ்டாட்டில் அப்பிழையைத் திருத்தினார் என்றும் உரைப்பது வழக்கமாகிவிட்டது. தேர்வுக்குப் படிப்பார்க்கு இஃது எளிதாயிருக்கலாம். ஆயின், பிளேட்டோவின் நூல்களோடு ஒப்புநோக்குங்கால் இவ்வுரை நிலைபெறுவதில்லை.

பிளேட்டோவுக்கு (கி. மு. 427–347) முன்பே இரு கொள்கைகள் எதிரெதிரே நின்றன. யாவும் ஆறுபோல் ஓடி மாறுவன என்பது எபேசு நகரத்து எராக்ளிட்டசின் கொள்கை எனப் பிளேட்டோ கொண்டார். உள்ளது தோன்றுவதுமில்லை, அழிவதுமில்லை என்றார் எலியா நகரத்துப் பர்மேனிடீசு. யாவும் ஓயாது மாறுமாயின், எதனையும் இன்னதென்று அறிதல் இயலாது. எதுவுமே மாறாதாயின், கண்முன் நிகழும் பிறப்புக்கும் இறப்புக்கும் பொருளில்லை. இவ்விரண்டிற்கும் இடையே வழி தேடியவரே பிளேட்டோ.

‘பீடோ’ என்னும் உரையாடலில் அவர் காட்டும் சான்று எளியது. நிகரான இரு கோல்கள் ஒருவர்க்கு நிகராகவும் மற்றொருவர்க்கு நிகரற்றனவாகவும் தோன்றலாம். நிகர்மை என்பதோ ஒருபோதும் நிகரின்மையாகத் தோன்றாது. கோல்கள் நிகர்மையில் பங்கு கொள்கின்றன. அதனை முற்றும் எட்டுவதில்லை. எனவே கோல்கள் பொய்யல்ல. ‘குடியரசு’ நூலின் 5ஆம் பகுதி, இத்தகைய பொருள்களை உள்ளதற்கும் இல்லதற்கும் இடைப்பட்டனவாக வைக்கின்றது. ‘திமேயுசு’ என்னும் நூலோ, இவ்வுலகை அழகிய படைப்பென்றே போற்றுகின்றது.

இனி, ‘கருத்து’ என்னும் சொல்லை நோக்குவோம். பிளேட்டோ ‘ஐடியா’, ‘எய்டோசு’ என்று வழங்கியவற்றைக் கருத்து எனப் பெயர்த்தால், அவை மனத்தில் தோன்றும் எண்ணங்கள் என்றே தமிழ் மாணவர் கொள்வர். ‘பர்மேனிடீசு’ என்னும் உரையாடலில் இளைஞரான சாக்ரட்டீசு இவ்விளக்கத்தையே கூறிப் பார்க்கின்றார். எண்ணம் என்றால் ஏதேனும் ஒன்றைப் பற்றிய எண்ணமாதல் வேண்டும். அவ்வொன்றே வடிவம் எனக் காட்டி முதியவர் பர்மேனிடீசு அதனை மறுக்கின்றார். ஆகவே ‘மூலவடிவம்’ என்பதே பொருத்தமான பெயராகும்.

அவ்வுரையாடலின் சிறப்பு இத்துடன் முடியவில்லை. மயிருக்கும் சேற்றுக்கும் அழுக்குக்கும் மூலவடிவம் உண்டோ என்று பர்மேனிடீசு வினவ, சாக்ரட்டீசு தடுமாறுகின்றார். பெரிய பொருள்கள் பலவற்றுக்கும் பொதுவாகப் ‘பெருமை’ என்னும் வடிவம் ஒன்று வேண்டுமெனின், அப்பொருள்களுக்கும் அவ்வடிவத்துக்கும் பொதுவாக இன்னொரு வடிவம் வேண்டும்; அதன்பின் மற்றுமொன்று வேண்டும்; இதற்கு முடிவில்லை. அரிஸ்டாட்டில் ‘மூன்றாம் மனிதன்’ என்று சுட்டும் வாதமும் இவ்வகையினதே. பிளேட்டோவின் கொள்கைக்கு எதிராகப் பின்னோர் வீசிய கூரிய அம்பு, பிளேட்டோவின் நூலிலேயே இருக்கின்றது!

ஆயினும் பிளேட்டோவிடம் குறையில்லை என்று கூறுதல் பொருந்தாது. ‘பங்கு கொள்ளுதல்’ எவ்வாறு நிகழ்கின்றது என்னும் வினாவுக்கு அந்நூல் நேர்விடை தரவில்லை. அச்சொல் வெற்றுரையும் கவிதை உவமையுமே என்று அரிஸ்டாட்டில் குறை கூறியதில் நியாயம் உண்டு. ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிளேட்டோவின் கழகத்தில் பயின்றவர் கூறிய குறை அது. அதனைப் புறக்கணித்தல் தகாது.

அவ்வாறிருந்தும் பர்மேனிடீசு, மூலவடிவங்களை அறவே மறுப்பவனுக்கு எண்ணத்தைச் செலுத்த இடமே இராது என்றும், உரையாடும் ஆற்றலே அழிந்துபோகும் என்றும் கூறி, இளைஞரை மேலும் பயிலுமாறு பணிக்கின்றார். கொள்கை தடைக்கு உள்ளாயிற்று, கைவிடப்படவில்லை.

தம் ஆசிரியரான சாக்ரட்டீசையே விடையறியாது நிற்கும் இளைஞராக வரைந்து, தம் கொள்கையைத் தாமே தடைக்கு உட்படுத்தியவர் பிளேட்டோ. முடிவை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் பாடத்தில் இப்பெருந்தகைமை மறைந்துபோகின்றது. மூலவடிவக் கொள்கையைக் கற்பிப்போர், தடைகளையும் அதனோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். பிளேட்டோ கற்பித்த முறை அதுவே.