முக்குளிக்கிறவன் சாட்சி

பதினேழாம் நூற்றாண்டு என்றதும் பகுத்தறிவு ஒரு கட்சி, பரிசோதனை ஒரு கட்சி என்று பிரித்துக் காட்டி நம் தத்துவ வரலாற்றுப் புத்தகங்கள் நகர்ந்துவிடும். இங்கிலாந்தில் ராபர்ட் பாயிலும் தாமஸ் ஹாப்ஸும் போட்ட சண்டையை அப்படி லேசில் தாண்டிப் போக முடியாது.

காற்றை வெளியேற்றும் பம்பு வைத்துச் செய்த பரிசோதனைகளை 1660இல் பாயில் நூலாக்கினார். கண்ணாடிக் குடத்துக்குள் நடந்ததை நம்பத்தகுந்த பலபேர் பார்த்துச் சாட்சி சொன்னால் அது உண்மை. ஹாப்ஸ் மறு வருஷமே எதிர்த்து எழுதினார். அவருக்கு அறிவு என்றால் வடிவகணிதம்தான். வரையறையில் தொடங்கி யாரும் மறுக்க முடியாத முடிவுக்கு வந்து சேரணும். பம்பு ஒழுகுது, வெற்றிடமாவது ஒண்ணாவது என்றார். கூடவே, ஒரு கூடத்தில் சிலபேர் கூடிப் பார்ப்பது எப்படிப் பொதுச் சாட்சியாகும் என்றும் கேட்டார்.

ஷேப்பினும் ஷாஃபரும் 1985இல் இந்தச் சண்டை பற்றி எழுதிய நூல், ஹாப்ஸ் சொன்னதே சரி என்று முடிகிறது. எனக்குப் பாதிதான் சம்மதம். புதுக் கருவி கொண்டுவந்தவனெல்லாம் தத்துவவாதி என்றால் தோட்டக்காரனும் பரிசு கேட்டு வருவானே என்று 1662இல் நக்கலடித்தவரும் இதே ஹாப்ஸ்தானே!

பாயில் பிரபு வீட்டுப் பிள்ளை. பம்பை உருவாக்கிய ராபர்ட் ஹூக்குக்குப் பெயராவது மிஞ்சியது. மற்ற வேலையாட்கள் பெரும்பாலும் பெயரில்லாதவர்கள். ஏதாவது உடைந்தால், தப்பு நடந்தால் மட்டும் பக்கத்தில் தலைகாட்டுவார்கள். ஷேப்பின் 1989இல் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது 1672ஆம் வருஷத்து வாதம். தண்ணீருக்கடியில் போகிறவர்கள் பாரத்தை உணர்வதில்லையே, அப்புறம் என்ன அழுத்தம் என்பது ஹென்றி மோரின் கட்சி. பாயில் சொன்ன பதில்: உயிரில்லாத பொருளுக்கு முன்முடிவு கிடையாது, அது காட்டுவதற்கு இருக்கிற மதிப்பு, படிப்பறிவில்லாத முக்குளிப்போர் பேச்சுக்குக் கிடையாது. இந்த மாதிரி ஆட்களுடைய உடம்பின் உணர்ச்சியைக்கூட அவர் நம்பவில்லை.

அழுத்தம் உண்டு என்பதில் பாயில் சரிதான். ஆனால் முக்குளித்தவனும் பொய் சொல்லவில்லை. தண்ணீர் எல்லாப் பக்கமும் அழுத்தும்போது பாரம் தலையில் உட்கார்ந்த மாதிரி தெரியாது. ரெண்டும் ஒன்றுக்கொன்று எதிரே இல்லை. ஏன் நசுங்குவதில்லை என்கிற கேள்வியை 1666இலேயே எடுத்துப் பேசியவர்தான் பாயில். விளக்கம் தேடத் தெரிந்தவருக்கு, வாதம் முற்றியதும், கடலுக்குள் போய்வந்தவன் சொல்லைத் தள்ளுவது சுலபமாக இருந்திருக்கிறது.