ஈரச் சேலையின் எடை

‘ஆடை விருப்பம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சாண்டி ஹூக் என்ற மணல்நாக்கு கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதிலுள்ள கன்னிசன் கடற்கரையில் ஆடையோடும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நிலம் தேசியப் பூங்காத் துறைக்குரியது. இதற்கு அப்பால் ஆடையில்லாதவர்களைக் காண நேரலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். இப்படியான இடங்களைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சுகள் உண்டு. ஒன்று, ‘அங்கேதான் பெண்ணுக்கு விடுதலை’. மற்றது, ‘நம் பண்பாட்டுக்கு இது ஆகாது’. இரண்டும் ஒரே இடத்தில்தான் இடறுகின்றன. உடம்பில் எவ்வளவு துணி இருக்கிறது என்று இரண்டுமே அளக்கின்றன. அதை முடிவுசெய்தது யார் என்று கேட்பதில்லை.

கேட்டுப் பார்க்க நியூ ஜெர்சி வரை போக வேண்டாம், கிள்ளை போதும். பிச்சாவரத்தில் படகேறிச் சுரபுன்னைக் காட்டைக் கடந்தால் சின்னவாய்க்கால் மணல்திட்டு. ஒருபுறம் உப்பங்கழி, மறுபுறம் வங்கக் கடல். தோழிகள் ஐந்து பேர் போயிருந்தோம். உடை மாற்ற ஒரு மறைப்புகூட அங்கே கண்ணில் படவில்லை. அடுத்த படகில் வந்த ஆண்கள் இறங்கியதும் சட்டையையும் பேண்ட்டையும் மணலில் எறிந்துவிட்டு ஜட்டியோடு கடலுக்கு ஓடினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாங்கள் சுடிதாரோடு இறங்கினோம். ஒருத்தி துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்கு குத்தியிருந்தாள். அலை ஒவ்வொரு முறை வந்து போனபோதும் ஐந்து பேரின் கையும் முதலில் போனது மார்புத் துணியைச் சரிசெய்யத்தான். தமிழ்நாட்டின் கடற்கரை ஆண்களுக்கு எப்போதும் ஆடை விருப்பக் கடற்கரையாகவே இருந்திருக்கிறது. அதற்குப் பலகை வைக்கத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மாசி மகத்தன்று இதை இன்னும் தெளிவாகக் காணலாம். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்குக் கிள்ளை முழுக்குத்துறைக்கு வருவார். வழியில் கிள்ளை தர்காவின் சார்பில் அவருக்கு மரியாதை செய்யப்படும். மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்லும் விழா, சொல்லவும் வேண்டியதுதான். அதே கரையில் ஆண்கள் வெற்றுடம்போடு இடுப்புத் துண்டில் முழுக்குப் போடுகிறார்கள். பெண்கள் ஐந்தரை மீட்டர் சேலையோடு முழுகி எழுந்து, ஒருத்தி துணியைப் பிடித்து மறைக்க இன்னொருத்தி குனிந்தபடி மாற்றிக்கொள்கிறார்கள். சாமியின் முன்னால் ஆணுடம்பு பக்தி ஆகிறது. பெண்ணுடம்பு மறைக்க வேண்டிய சங்கதி ஆகிறது.

இதனால், துணியைக் களைவதே விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல நம் வரலாறு விடாது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடியதற்காக அடி வாங்கினார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1859 ஜூலையில் வந்த அரசாணைதான் அவர்களை மூடிக்கொள்ள அனுமதித்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. திறந்திருக்கச் சொன்னதும் சாதிதான். இன்று மூடச் சொல்வதிலும் குடும்பமானம், சாதிமானம் என்ற பெயரில் அதுவே இருக்கிறது. தோள்சீலைக்காகப் போராடியவர்களின் பேத்தி துப்பட்டா வேண்டாம் என்றால், அது பாட்டிக்குச் செய்த துரோகம் ஆகாது. இருவரும் கேட்டது ஒன்றையே: என் உடம்பில் எது இருக்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

இருளர் பெண்களைப் பாருங்கள். பிச்சாவரத்துக் கழியில் மார்பளவு நீரில் நகர்ந்து, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். நனைந்த சேலைமேல் ஆண்சட்டை. கடலோர வெளியில் பெண்ணுடம்பு நாள் முழுக்க நனைந்தே இருக்கும் இடம் இது. அதை யாரும் விடுதலை என்றும் சொல்வதில்லை, பண்பாட்டுச் சீரழிவு என்றும் சொல்வதில்லை, கூலியாகவே பார்க்கிறார்கள். சுற்றுலாப் படகிலிருந்து நீளும் கைபேசிகளுக்கு மட்டும் அவர்கள் காட்சி. அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்டதில்லை.

இதெல்லாம் வெறும் மானப் பிரச்சினை என்று தள்ளிவிடுபவர்களுக்கு 2004 டிசம்பர் 26-ஐ நினைவூட்ட வேண்டும். சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக ஆக்ஸ்பாம் 2005-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஏறத்தாழ மூன்று மடங்கு. காரணங்கள் பல. ஆண்களில் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள், அலை அங்கே உயரவில்லை. பெண்கள் மீனுக்காகக் கரையில் நின்றார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு: ஆண்களுக்கு நீந்தத் தெரிந்திருந்தது, மரம் ஏறத் தெரிந்திருந்தது. சேலை காலைச் சுற்றியது, கூந்தல் முள்ளில் சிக்கியது என்று கரையோரப் பெண்கள் இன்றும் சொல்கிறார்கள்.

மீனவக் குப்பத்தில் பிறந்த பெண்ணுக்கு ஏன் நீந்தத் தெரியவில்லை? நீச்சல் கற்க உடம்பு நனைய வேண்டும், துணி குறைய வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும். பையன் அரைஞாண் கயிற்றோடு குதித்துக் கற்கிறான். பெண்குழந்தையும் கொஞ்ச காலம் குதிக்கிறாள். வயசுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறோம். நாணம் என்று நாம் சொல்லிக்கொடுத்தது அன்று காலை உயிரின் கணக்கில் வந்து சேர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? பழைய 294-ஆம் பிரிவும் இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவும், பொது இடத்தில் ‘பிறருக்கு எரிச்சலூட்டும்’ ஆபாசச் செயலைக் குற்றம் என்கின்றன. அந்தப் ‘பிறர்’ யார்? சின்னவாய்க்காலில் ஜட்டியோடு ஓடியவர்களைப் பார்த்து எரிச்சலடைய எங்களுக்கு உரிமை உண்டு என்று எங்களுக்கே தோன்றவில்லை. 2016-இல் பிரான்சின் கடற்கரை ஊர்கள் எதிர்த்திசையில் போயின. முழு உடல் மூடிய புர்கினி நீச்சலுடைக்குத் தடை போட்டன. ஆகஸ்ட் 26 அன்று நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அப்படியொரு தடையை நிறுத்திவைத்தது. இங்கே மூடு என்கிறார்கள், அங்கே கழற்று என்றார்கள். ஆணையிடும் குரல் ஒன்றுதான்.

ஆகவே கன்னிசன் கடற்கரையைப் பார்த்து எனக்குப் பொறாமையும் இல்லை, அருவருப்பும் இல்லை. அந்தப் பலகையின் ஒரு பண்பு மட்டும் பிடித்திருக்கிறது: அது பார்ப்பவரை எச்சரிக்கிறது, இருப்பவரை அல்ல. நம் பலகைகள் எல்லாம் பெண்ணை நோக்கியே எழுதப்படுகின்றன. கிள்ளையில் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மணல்திட்டில் பெண்கள் உடை மாற்ற ஓர் அறை. இறால் பிடிக்கும் பெண்களைப் படம் எடுக்காதே என்று படகுத்துறையில் ஓர் அறிவிப்பு. கடலோரப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து பெண்பிள்ளைகளுக்கு நீச்சல். அரைக்கால் சட்டையா, முழு உடையா என்பதை அந்தப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.