‘தண்ணீர் தண்ணீர்’: வாய்க்கால் வெட்டிய பிறகு?

கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை 1981இல் கே. பாலசந்தர் படமாக்கினார். ‘தண்ணீர் தண்ணீர்’ பற்றிப் பேசுறவங்க பெரும்பாலும் வெடித்த நிலத்தையும் சரிதாவின் நடிப்பையும்தான் சொல்வாங்க. எனக்கு முக்கியமாகப் படுவது வாய்க்கால் வெட்டும் பகுதி. அரசாங்கத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போன அத்திப்பட்டி சனங்கள் தாங்களே மண்வெட்டியை எடுக்கிறார்கள். அனுமதி இல்லை என்று அரசு தடுக்கிறது, போலீஸ் வருகிறது. தாகத்துக்குக் காரணம் வானம் மட்டுமில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆனால் படத்துக்குள் ஒரு பலவீனமும் இருக்கு. வெளியூரிலிருந்து வந்த வெள்ளைச்சாமி மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறான். ஊரே அவனை நம்பி நிற்கிறது. ஒரு ஆளையும் ஒரு வண்டியையும் நம்பிய ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்? படம் அவன் தியாகத்தைப் பார்க்கிறது, இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிடுது.

இன்னொன்று, அத்திப்பட்டிக்குத் தண்ணீர் வந்தாலே போதும். கதை நடக்கும் கோவில்பட்டி வட்டாரம் இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். அதே மாவட்டத்தில் கிழக்கே காயல்பட்டினம் கரைக்கு வாங்க. பக்கத்திலேயே புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேருது. கடலோரத்தில் கிணறு தோண்டினால் தண்ணி கிடைக்கும். வாயில் வைக்க முடியுமா என்பதுதான் பிரச்சினை. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை என்கிறது இந்தியத் தர அளவு. ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று நம்ம வீடுகளில் பிரித்துச் சொல்வதும் இந்தக் கணக்குத்தான். படத்தில் இந்தக் கணக்கே இல்லை.

படம் கேட்ட அனுமதி 1993இல் காகிதத்தில் வந்தது. 73வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பட்டியலிட்ட பொறுப்புகளில் குடிநீரும் ஒன்று. 2019இல் ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றது. தண்ணீரைச் சோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி என்றும் சொன்னது. நல்ல யோசனை. ஆனா அவங்க “இது குடிக்க ஆகாது” என்றால், மோட்டாரை நிறுத்தவும் மாற்றுத் தண்ணீர் கேட்டு வாங்கவும் ஊராட்சியிடம் பணமும் அதிகாரமும் வேணும். அது இல்லாத ஊரில் சோதனை வெறும் குறிப்பேடுதான்.

அதனாலதான் இந்தப் படம் இன்னும் பழசாகல. வாய்க்கால் வெட்டும் உரிமையை அது கேட்டது. வெட்டிய வாய்க்காலை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கும் படம்தான் நமக்கு இன்னும் வரல.