பனிக்கட்டிக்குக் கட்டிய வீடு

சென்னைக் கடற்கரைச் சாலையில் கண்ணுக்கு விருந்தான கட்டடங்களுக்குக் குறைவில்லை. சேப்பாக்கம் அரண்மனையும் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் குவிமாடமும் கோபுரமுமாக, பார்க்கிறவரை மயக்கவே எழுந்தவை. அந்த வரிசையில் தெற்கே வந்தால், வட்ட முகப்பைக் கடலுக்குக் காட்டியபடி ஒரு கனத்த உருவம். எடுத்த எடுப்பில் அதை அழகு என்று சொல்லிவிட முடியாது. என் ரசனையில் அந்தச் சாலையின் மிகச் சுவாரசியமான வீடு அதுதான். ஏனென்றால் மற்றவை தோற்றத்துக்காக வடிவம் எடுத்தவை. இதற்கு வடிவம் கொடுத்தது, அதில் குடியிருக்க வந்த சரக்கு.

அந்தச் சரக்கு பனிக்கட்டி. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், நியூ இங்கிலாந்துக் குளங்களில் குளிர்காலத்தில் உறையும் பனியை அறுத்து வெப்ப நாடுகளுக்கு விற்றவர். 1806இல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பியபோது ஊர் சிரித்தது. 1833இல் கல்கத்தாவுக்கு 180 டன் ஏற்றி அனுப்பினார். நாலு மாதப் பயணத்தில், நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, ஏறக்குறைய 100 டன் கரைசேர்ந்தது. சிரித்தவர்கள் அடங்கினார்கள். காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, மரத்தூள். அறுவை ஆலைகள் குப்பையாகக் கொட்டியதை வாங்கிக் கட்டிகளுக்கு இடையே திணித்தார்கள். குதிரை பூட்டிய கலப்பை போன்ற கருவியால் உறைந்த குளத்தை ஒரே அளவுச் சதுரங்களாக அறுக்கும் வழியை நதானியேல் வைத் என்பவர் 1825இல் கண்டுபிடித்திருந்தார். சதுரக் கட்டிகளை இடைவெளியில்லாமல் அடுக்கலாம். காற்று புக இடமிருக்காது. எழுத்தாளர் தோரோவின் வால்டன் குளமும் இந்த வியாபாரத்துக்குத் தப்பவில்லை. தன் கிணற்று நீரைக் குடிக்கப்போகும் ஊர்களின் வரிசையில் அவர் மதராஸையும் சேர்த்திருக்கிறார்.

1842இல் மதராஸில் எழுந்த கிடங்குதான் இந்த வீடு. அப்போது ஊருக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட, சரக்கு மசூலாப் படகில் அலைக்குத் தப்பிக் கரையேற வேண்டும். இன்று வீட்டுக்கும் அலைக்கும் நடுவே கிடக்கும் மணல்வெளியும் அன்று இல்லை. 1876க்குப் பிறகு துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பியபோது சேர்ந்த மணல் அது. படகிலிருந்து இறங்கிய கட்டி வெயிலில் அதிக தூரம் போக வேண்டாத இடமாகப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். வீடு நிற்கும் இடத்தையே பனிக்கட்டிதான் தேர்ந்தெடுத்தது எனலாம்.

வட்டமும் அப்படியே. ஒரே பரப்புள்ள தரையைச் சதுரமாக வளைத்தால் வேண்டிய சுவரைவிட, வட்டமாக வளைத்தால் ஏறக்குறைய 11 விழுக்காடு குறைவான சுவர் போதும். சுவர் குறைந்தால் வெயில் படும் இடமும் குறையும். பூஜ்ய டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கப் பிடிக்கும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகும் வெப்பத்துக்குச் சமம். அந்த வெப்பம் உள்ளே வரும் வழிகளை அடைப்பதுதான் பனிக்கிடங்கு கட்டுகிறவரின் முழு வேலையும். சுவர் தடிக்க வேண்டும், சன்னல் கூடாது, உருகிய நீர் தேங்கினால் மிச்சத்தையும் கரைத்துவிடும் என்பதால் அது வடிய வேண்டும், ஆனால் வடியும் வழியே சூடான காற்று ஏறிவரக் கூடாது. மனிதர் வாழும் வீட்டுக்கு நம் ஊரில் எதையெல்லாம் நல்லது என்போமோ, காற்று, வெளிச்சம், திறந்த வாசல், அத்தனையும் இங்கே குற்றம்.

நீராவியின் துணையால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் காலம் வந்ததும் டியூடர் கம்பெனியின் தொழில் படுத்தது. காலியான கட்டடத்தை உயர்நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். நீதிபதி கெர்னன் மேல் கொண்ட மதிப்பில் ‘காசில் கெர்னன்’ என்று பெயரிட்டார். பெயர் கோட்டை போல ஒலித்தாலும் உள்ளே இருந்தது புழுக்கம். ஐயங்கார் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்த கட்டம்: இடிக்கவில்லை, திறந்தார். மூடிய உருண்டையில் சன்னல்கள் வைத்தார். அதைச் சுற்றி வளைவாகவே வராந்தாக்கள் போட்டார். இன்று நாம் முகப்பு என்று ரசிப்பதில் பெரும்பகுதி இந்தத் திருத்தம். நேர்க்கோட்டில் ஒரு தாழ்வாரத்தை ஒட்டவைத்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும், வீடு பாழாகியிருக்கும். பழைய வளைவை மதித்து அதன் மேலேயே புதிய வளைவைப் போட்டதால், தனக்குப் பிடிக்காத வேலையையும் கட்டடம் முகம் கோணாமல் செய்கிறது. அப்படியும் காற்றோட்டம் போதவில்லை என்றுதான் சொன்னார்கள். வீட்டின் ஒரு பகுதியில் ஏழை மாணவர்கள் தங்கிப் படித்தார்கள்.

1897 பிப்ரவரி 6 அன்று சுவாமி விவேகானந்தர் எழும்பூரில் ரயிலிலிருந்து இறங்கினார். இளைஞர்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துக்கொண்டு இங்கே வந்தார்கள். ஒன்பது நாள் தங்கல். அவர் தங்கிய அறை இப்போது தியானக்கூடம். மதராஸில் ஒரு மடம் வேண்டும் என்று அன்பர்கள் கேட்டபோது, உங்கள் ஆசாரசீலர்களையும் விஞ்சுகிற ஒருவரை அனுப்புகிறேன் என்ற பொருளில் வாக்குக் கொடுத்தார். அடுத்த மாதமே வந்து சேர்ந்தவர் சுவாமி ராமகிருஷ்ணானந்தர், அன்பர்களுக்கு சசி மகராஜ். சில காலம் அருகே ஒரு சிறு வீட்டில் இருந்துவிட்டு இந்தக் கட்டடத்தின் கீழ்ப்பகுதிக்கு மாறினார். தென்னாட்டின் முதல் ராமகிருஷ்ண மடம் வேர்விட்டது அங்கேதான். ஊருக்குள் வகுப்பெடுத்துவிட்டுத் திரும்பி, தானே சமைத்து, தானே பூஜை செய்து பத்தாண்டு போல ஓட்டினார். ஐயங்கார் 1902இல் காலமானார். 1906இல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடந்துகொண்டிருந்தபோது சசி மகராஜ் தோட்டத்தில் ஒரு உடைந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். யார் வாங்கினால் என்ன, குருவுக்கு ஒரு சிறு அறை போதும் என்றாராம். வாங்கியவர் ஒரு ஜமீன்தார். துறவி வளாகத்தின் வெளிக்கட்டுக்குப் போய், 1907இல் மயிலாப்பூரில் எழுந்த புது மடத்துக்கு இடம்பெயர்ந்தார்.

1917இல் அரசாங்கம் வீட்டை வாங்கியது. வந்து சேர்ந்தவர்கள் பால்ய விதவைகள். சகோதரி சுப்பலட்சுமி தாமும் சிறுமியாக இருக்கும்போதே கணவரை இழந்தவர்; 1911இல் பி.ஏ. பட்டம் பெற்று, எழும்பூரில் ஒரு வீட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களோடு தொடங்கிய இல்லம், இடம் போதாமல் இங்கே வந்தது. தத்தம் வீட்டின் கடைசிக் கட்டில், யார் கண்ணிலும் படாமல் உட்கார்த்திவைக்கப்பட்ட பெண்களுக்குக் கிடைத்தது, கடல் பார்த்த வளைந்த வராந்தா. அதே சாலையில் 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி அவர்கள் படிக்கப் போகும் தூரத்தில் இருந்தது. பலர் ஆசிரியைகளாகி மாகாணத்தின் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். பிலிகிரி ஐயங்கார் காற்றுக்காக வைத்த சன்னல்களுக்கு இதைவிட நல்ல உபயோகம் அமைந்திருக்காது.

டியூடரின் பனிவீடுகளில் கல்கத்தாவில் இருந்தது 1882இல் இடிக்கப்பட்டது. பம்பாயில் இருந்ததும் பிறகு போயிற்று. மதராஸ் வீடு தப்பியதற்கு அதன் வலுவை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். ஆள் மாற்றி ஆள் குடிவந்துகொண்டே இருந்தார்கள். விவேகானந்தரின் நூற்றாண்டை ஒட்டி 1963இல் அரசு அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வைத்தது. 1997இல் ராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்க, அங்கே கண்காட்சி வந்தது. பெயர் பொருத்தமானதே. ஒன்பது நாள் விருந்தாளிக்கு ஊர் செய்த மரியாதையில் கால் பங்காவது, இங்கே இருபது ஆண்டுக்கு மேல் பெண்களை வளர்த்த சுப்பலட்சுமிக்கும், சுவரைத் திறந்த ஐயங்காருக்கும் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பது மட்டும் என் குறை. திருவல்லிக்கேணிக்காரர்கள் இந்த வழக்கில் தலையிடுவதில்லை. அவர்களுக்கு இந்த வீடு நிற்கும் பேட்டை, அதன் காவல் நிலையம் உட்பட, இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ்தான்.